கேள்விக்குப் போதுமான கதிர்: இளம் ரேடியோகிராபருக்கு ஒரு கடிதம்

சி.டி. ஸ்கேன் பிரிவில் பணியேற்கும் இளம் ரேடியோகிராபருக்கு,

கதிரளவு குறைந்தால் படத்தில் இரைச்சல் மிகும் என்பது இத்தொழிலின் முதற்பாடம். சீரான திசுவும் படத்தில் புள்ளி புள்ளியாகச் சிதறித் தோன்றுவதே இரைச்சல். கதிரளவைப் பாதியாக்கினால் அது ஏறத்தாழ 41 சதவீதம் கூடுகிறது, அதைப் பாதியாக்க விரும்பினாலோ கதிரளவை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, மருத்துவர் எழுப்பும் கேள்விக்கு விடை தரும் படமே நல்ல படம்; அதற்கு மேல் கூட்டப்படும் தெளிவு, பயனின்றி நோயாளியின் உடலில் ஏறும் கதிர்வீச்சே ஆகும்.

எல்லாக் கேள்விகளும் ஒரே அளவு கதிரைக் கேட்பதில்லை. நுரையீரலில் காற்றுக்கு நடுவே கிடக்கும் சிறு கட்டியும் சிறுநீரகக் கல்லும் இரைச்சல் மிகுந்த படத்திலும் புலப்படும். கல்லீரல் திசுவோடு நிறம் கலந்து நிற்கும் சிறு கட்டியோ அத்தகைய படத்தில் மறைந்துவிடும். சுமார் 1.5 மில்லிசீவெர்ட் கதிரளவில், அதாவது வழக்கமான மார்பு சி.டி.க்கு ஆகும் அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் எடுக்கப்பட்ட படங்களே, புகைப்பழக்கம் மிகுந்தோரிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 சதவீதம் குறைத்தன என்று 2011-ல் வெளிவந்த அமெரிக்க தேசிய ஆய்வு காட்டியது.

கேள்வி தெளிவான பின்னரே கருவியின் அமைப்புகளுக்கு வர வேண்டும். காண்ட்ராஸ்ட் மருந்திலுள்ள அயோடின் 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைச் சற்றே தாண்டிய ஆற்றலுள்ள கதிர்களை மிகுதியாக உறிஞ்சுவதால், மெலிந்த உடலினருக்கு இரத்தக்குழாய்ப் படம் எடுக்கையில் குழாய் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100-க்கோ 80-க்கோ இறக்கினால், குழாய்கள் மேலும் பளிச்சிடுவதோடு கதிரளவும் குறையும். பருத்த உடலில் இதே மாற்றம் இரைச்சலை மட்டுமே பெருக்கும். உடலின் பருமனுக்கேற்ப மின்னோட்டத்தைத் தானே ஏற்றியிறக்கும் வசதி, முன்னோட்டமாக எடுக்கப்படும் ஸ்கவுட் படத்தையே நம்பியிருப்பதால், நோயாளி கேன்ட்ரியின் மையத்திலிருந்து விலகி எக்ஸ் கதிர்க் குழாயை நெருங்கிப் படுத்திருந்தால், அவரது உடல் பெரிதாகத் தோன்றி மின்னோட்டம் வீணே உயரும். படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக் கட்டமைக்கும் இட்டரேட்டிவ் முறை இரைச்சலைத் தணிக்கும் என்றாலும், அதை மிகையாகச் செலுத்தினால் படம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகி, மங்கலான கட்டிகளும் இரைச்சலோடு சேர்ந்து அழிந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட எளிய சிக்கனம், தேவையற்ற கட்டங்களைத் தவிர்ப்பது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரே அமைப்பில் படமெடுத்தால் கதிரளவு இருமடங்காகிறது.

கன்சோல் திரையில் கதிரளவைக் குறித்துத் தோன்றும் சி.டி.டி.ஐ. எண்ணை வாசிப்பது, பொத்தானை அழுத்துமுன் தவறாது செய்ய வேண்டிய கடமை. தலைக்கு 16 சென்டிமீட்டரும் உடலுக்கு 32 சென்டிமீட்டரும் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளைகளில் அளந்து வகுத்த எண் அது என்பதால், மெலிந்தவரின் உடல் உண்மையில் ஏற்கும் அளவு திரை காட்டுவதைவிட அதிகமாகவே இருக்கும். 2009-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றில், மூளையின் இரத்த ஓட்டத்தை ஆராயும் பரிசோதனைக்கு வந்த 206 பேர் உரிய அளவைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கதிர்வீச்சுக்கு உள்ளானது தெரியவந்தது. எண் திரையில் இருந்தும் அது கவனிக்கப்படாமலே சுமார் 18 மாதங்கள் கடந்திருந்தன.

குறைப்பதும் வரம்பு மீறலாகாது. விடை தராத படத்தை மறுபடி எடுக்க நேர்ந்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே கரைந்துவிடும். பல மருத்துவமனைகளின் வழக்கமான கதிரளவுகளைத் தொகுத்து, அவற்றில் முக்கால் பங்கு அடங்கும் எல்லையில் வகுக்கப்படுகிற மேற்கோள் அளவோடு திரையின் எண்ணை ஒப்பிடுவதும், எண் அதைத் தாண்டினாலோ பரிந்துரைச் சீட்டில் கேள்வி விளங்காவிட்டாலோ ஸ்கேனைத் தொடங்காமல் கதிரியல் மருத்துவரைக் கேட்பதும் பணியின் முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும். அப்படிக் கேட்பதற்காகும் சில நிமிடத் தாமதத்தை எந்த ரேடியோகிராபரும் குறையாகக் கருதத் தேவையில்லை.