பிரச்சினையைச் சொல்லவும் சொல் வேண்டும்: அன்றாட வாழ்க்கைக்கான ஃபிரேசல் வெர்ப்கள்



செங் வட்டாரத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் எஸ்.பி.எம். முடித்தவர்கள். 1119 தாளில் நல்ல கிரேட் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பொழுதுபோக்கு, சொந்த ஊர், எதிர்கால ஆசை என்று எதைக் கேட்டாலும் கடகடவென்று ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆனால் "என்ன, முகமே சரியில்லையே, என்ன பிரச்சினை?" என்று அதே ஆங்கிலத்தில் கேட்டால் வருகிற பதில், "நத்திங்லா". பிரச்சினை இல்லாமலா? இருக்கிறது. அதைச் சொல்லும் சொல்தான் கையில் இல்லை.

இது வெறும் தேர்வு விஷயம் இல்லை. கிளினிக்கில் டாக்டரிடம், பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் எச்.ஆர். அதிகாரியிடம், கல்லூரியில் விரிவுரையாளரிடம் நம் கஷ்டத்தைச் சரியாகச் சொன்னால்தான் சரியான உதவி கிடைக்கும். இப்படிப் பேச ஆங்கிலேயர்கள் அதிகம் பயன்படுத்துவது ஃபிரேசல் வெர்ப்களை. அவற்றில் சிலவற்றை இந்த மாதம் படிப்போம்.

ஒரு குறிப்பு. உச்சரிப்புக்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். படிக்கும்போது நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 'ஆவ்' என்று வந்தால் ஒரு எஃப், 'ஆஃப்' என்று வந்தால் இரண்டு எஃப்.

பயம் வேண்டாம், தமிழிலும் இது உண்டு

ஒரு வினைச்சொல்லோடு அப், டவுன், அவுட், ஆஃப் போன்ற குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தந்தால் அது ஃபிரேசல் வெர்ப். இது கஷ்டமாக இருக்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அந்நியருக்கு மிகக் கடினமாக இருப்பது இந்த வகைச் சொற்கள்தான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. "கூட்டத்தைத் தள்ளிப்போட்டாங்க" என்கிறோம். அங்கே யாரும் எதையும் தள்ளவும் இல்லை, போடவும் இல்லை. இரண்டு வினை சேர்ந்து மூன்றாவது பொருள் வந்துவிட்டது. அதுதான் 'புட் ஆஃப்'. பாட்டியைப் பார் என்றால் 'லுக் அட்'. பாட்டியைப் பார்த்துக்கொள் என்றால் 'லுக் ஆஃப்டர்'. விட்டுக்கொடு என்றால் 'கிவ் இன்', ஒத்துப்போ என்றால் 'கெட் அலாங்'. அவன் இடிஞ்சு போயிட்டான் என்பதை 'ஹீ புரோக் டவுன்' எனலாம். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் முழுத் தொடரையும் ஒரே சொல்லாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மோட்டாரும் பணமும்

வேலைக்குத் தாமதம். காரணம் கேட்கிறார்கள். நம் வாயில் வருவது, "மை மோட்டார் ஸ்பாயில் ஆல்ரெடி". நண்பர்களிடம் இது போதும். மேலதிகாரியிடம், "மை மோட்டார்பைக் புரோக் டவுன் திஸ் மார்னிங்" என்று சொல்லுங்கள்.

'ரன் அவுட் ஆவ்' என்றால் கைவசம் இருந்தது தீர்ந்துபோவது. "ஐ ரேன் அவுட் ஆவ் பெட்ரோல்." "வீ ரேன் அவுட் ஆவ் மணி பிஃபோர் பே டே."

'கட் டவுன் ஆன்' என்றால் குறைத்துக்கொள்வது. "ஐ நீட் டு கட் டவுன் ஆன் ஆன்லைன் ஷாப்பிங்."

'பே ஆஃப்' என்றால் கடனை முழுசாகக் கட்டி முடிப்பது. "ஐ ஆம் ட்ரையிங் டு பே ஆஃப் மை பி.டி.பி.டி.என். லோன்." வெறும் 'பே' என்றால் கட்டுவது மட்டும்தான். 'பே ஆஃப்' என்றால் இனி பாக்கி இல்லை.

2. வேலை

இங்கே ஒரு சொல்லில் பணமே இருக்கிறது. ஆள்குறைப்பில் வேலை போனவர் நம்ம ஊர் வழக்கப்படி "ஐ ஸ்டாப் வொர்க் ஆல்ரெடி" என்கிறார். கேட்பவர் என்ன நினைப்பார்? இவரே வேலையை விட்டுவிட்டார் என்றுதான். "ஐ வாஸ் லெய்ட் ஆஃப்" என்றால், என் தவறு எதுவும் இல்லை, கம்பெனிதான் ஆளைக் குறைத்தது என்று பொருள்.

இது ஏன் முக்கியம்? 2018 ஜனவரி முதல் சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டத்தில், ஆள்குறைப்பில் வேலை இழந்தவர் 60 நாளுக்குள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தானாக விரும்பி ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. அடுத்த கம்பெனி நேர்முகத் தேர்விலும் இதே வேறுபாடுதான் கேள்வியாக வரும். ஆகவே 'லெய்ட் ஆஃப்' என்பதைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

இன்னும் மூன்று: கூடுதல் பொறுப்பை ஏற்பது 'டேக் ஆன்'. வந்த வாய்ப்பை மறுப்பது 'டர்ன் டவுன்'. தாங்க முடியாததைச் சகித்துக்கொள்வது 'புட் அப் வித்'. நாம் "கேனாட் தாஹான்" என்போமே, அதற்குச் சரியான ஆங்கிலம், "ஐ கான்ட் புட் அப் வித் இட் எனி மோர்".

3. உடம்பு

டாக்டரிடம் சொல்லச் சில: காய்ச்சலில் விழுவது 'கம் டவுன் வித்', வாந்தி எடுப்பது 'த்ரோ அப்', மயங்கி விழுவது 'பாஸ் அவுட்'. "ஐ கேம் டவுன் வித் எ ஃபீவர் த்ரீ டேய்ஸ் அகோ, அண்ட் ஐ கீப் த்ரோயிங் அப்." டெங்கி இருக்கும் நம் நாட்டில் இந்த ஒரு வாக்கியம் ரொம்ப உதவும். காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதும், வாந்தி நிற்காமல் வருகிறதா என்பதும் டாக்டர் கட்டாயம் கேட்டுக்கொள்ளும் விவரங்கள்.

ஓர் எச்சரிக்கை: 'பாஸ் அவுட்' வேறு, 'பாஸ் அவே' வேறு. பின்னது காலமாவது. பாட்டி மயங்கி விழுந்ததைச் சொல்லப்போய் குட்டிச் சொல்லை மாற்றிவிட்டால் எதிரில் இருப்பவர் அனுதாபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்!

4. வீடும் மன்றமும்

அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்தால் 'ஃபால் அவுட்'. சமாதானமானால் 'மேக் அப்'. நம்பியவர் கைவிட்டால் 'லெட் டவுன்'. "ஹீ லெட் மீ டவுன்."

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டதாக வைத்துக்கொள்வோம். பந்தல் அமைப்பது 'செட் அப்'. வருவதாகச் சொன்னவர்கள் வந்து சேர்வது 'டர்ன் அப்'. "ட்வென்டி பீப்பிள் புராமிஸ்ட், ஒன்லி த்ரீ டர்ன்ட் அப்." எந்த மன்றச் செயலாளருக்கும் விளக்கம் தேவைப்படாத வாக்கியம் இது.

ஒரே ஒரு விதி

'புட் ஆஃப்', 'பே ஆஃப்', 'டர்ன் டவுன்', 'லெட் டவுன்' போன்றவற்றில் இட், மீ, ஹிம், தெம் போன்ற சொற்கள் நடுவில்தான் உட்காரும். "ஐ புட் இட் ஆஃப்" சரி. "ஐ புட் ஆஃப் இட்" தவறு. 'ரன் அவுட் ஆவ்', 'புட் அப் வித்', 'கட் டவுன் ஆன்' என்று மூன்று சொல் சேர்ந்தவற்றை உடைக்காதீர்கள். அங்கே 'இட்' கடைசியில் வரும்.

மூன்று வாக்கியத்தில் பிரச்சினை

சொற்கள் தெரிந்தாலும் வரிசை தெரியாவிட்டால் தடுமாறுவோம். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, எனக்கு என்ன வேண்டும். விரிவுரையாளரிடம் பேசும் ஒரு மாணவர் இப்படிச் சொல்லலாம்:

"ஐ ஹேவ் ஃபாலன் பிஹைண்ட் வித் மை அசைன்மென்ட்ஸ். மை ஃபாதர் வாஸ் லெய்ட் ஆஃப், ஸோ ஐ டுக் ஆன் எ நைட் ஷிஃப்ட். குட் ஐ ஹேவ் ஒன் மோர் வீக் டு கேட்ச் அப்?"

'ஃபால் பிஹைண்ட்' என்றால் பின்தங்குவது. 'கேட்ச் அப்' என்றால் விட்டதைப் பிடிப்பது. இதில் கெஞ்சலும் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. மூன்றாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். கஷ்டத்தை மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் "ஸோ ஸாரி" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னது வேண்டும் என்று கேட்டால்தான் முடியும், முடியாது என்று ஒரு பதில் கிடைக்கும்.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

அ. மை கார் ______ ஆன் த ஹைவே. (நடுவழியில் நின்றுவிட்டது)
ஆ. வீ ஹேவ் ______ ரைஸ். (தீர்ந்துவிட்டது)
இ. ஷீ ______ வித் ஹெர் பெஸ்ட் ஃபிரெண்ட். (மனஸ்தாபப்பட்டுப் பிரிந்தாள்)
ஈ. த டென்டிஸ்ட்? ஐ கீப் ______ இட் ______. (தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்)
உ. ஹூ வில் ______ யுவர் மதர்? (பார்த்துக்கொள்வது)

விடைகள்: அ. புரோக் டவுன். ஆ. ரன் அவுட் ஆவ். இ. ஃபெல் அவுட். ஈ. புட்டிங், ஆஃப். உ. லுக் ஆஃப்டர்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்த வாரம் உங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்த ஒரு பிரச்சினையை எடுத்து மூன்று வாக்கியமாக எழுதுங்கள். மன்றத்தில் பக்கத்தில் உட்காரும் நண்பரிடம் அதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அவரும் தன்னுடையதைச் சொல்லட்டும். ஆங்கிலமும் பழகும். ஒருவேளை, "இதை ஏன்டா இவ்வளவு நாளா சொல்லல?" என்று அவர் தமிழிலேயே கேட்கவும் செய்யலாம். அப்படிக் கேட்டால் பாடத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள்.