கருவிழிக்கும் காற்று வேண்டும்



செம்பரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலர் கண்ணாடிக்குப் பதிலாக சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் லென்ஸோடு தூங்கிவிடுவதும் உண்டு. கேட்டால், "நாலு வருஷமா போடுறேன், ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள். அந்தப் பதில் சரிதானா என்று பார்ப்போம்.

கண்ணின் முன்பக்கம், கடிகாரக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் படலமே கருவிழி. நடுப்பகுதியில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஒளி தடையின்றிச் செல்வதற்காக அதில் இரத்தக் குழாய்களே இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்து பெறுகிறது. தூங்கும்போது இமை மூடுவதால் அது குறையும். லென்ஸும் இருந்தால் இன்னும் குறையும்.

பல ஆண்டுகள் இப்படி மூச்சுத் திணறினால்:

1. கருவிழி வீங்கிப் பார்வை மங்கலாம்.
2. ஆக்சிஜனைத் தேடி, ஓரத்திலிருந்து மெல்லிய இரத்தக் குழாய்கள் கருவிழிக்குள் வளரும்.
3. கருவிழியின் உட்புறச் செல்கள் அளவிலும் வடிவிலும் மாறும். இவை அழிந்தால் மீண்டும் வளராதவை.
4. கருவிழியின் உணர்ச்சி மழுங்கும். உறுத்தல்கூடச் சரியாகத் தெரியாது.

நான்காவதுதான் நாம் கவனிக்க வேண்டியது. "வலி இல்லை" என்பதால் கண் நலமாக இருக்கிறது என்று பொருளில்லை.

அடுத்த ஆபத்து கிருமித் தொற்று. 1989-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் கழற்றாத வகை லென்ஸ் போட்டவர்களில் அது சுமார் 21 பேர். பின்னர் வந்த சிலிக்கான் லென்ஸ்கள் காற்றை அதிகம் விடுகின்றன. ஆனால் போட்டுக்கொண்டே தூங்கினால் தொற்று அபாயம் அவற்றிலும் குறையவில்லை.

குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது கருவிழியைத் தாக்கினால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். உளூச் செய்யும்போது கண்ணுக்குள் தண்ணீர் செலுத்துவது கடமையில்லை. எனவே கண்களை நன்றாக மூடிக்கொண்டு முகம் கழுவுங்கள். குளிக்கும் முன் லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க:

- தூங்கும் முன், அது பஸ்ஸில் குட்டித் தூக்கமானாலும், லென்ஸைக் கழற்றுங்கள். பையில் லென்ஸ் டப்பாவும் கண்ணாடியும் இருக்கட்டும்.
- சோப்புப் போட்டுக் கைகழுவி, ஈரம் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள்.
- லென்ஸ் திரவத்தைத் தினமும் புதிதாக ஊற்றுங்கள். பழையதன் மேல் ஊற்றி நிரப்ப வேண்டாம்.
- கல்யாணத்துக்குப் போடும் கலர் லென்ஸும் லென்ஸ்தான். டாக்டரிடம் அளவு பார்க்காமல் வாங்காதீர்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடாதீர்கள்.
- வருடம் ஒருமுறை கருவிழியைப் பரிசோதியுங்கள்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் டாக்டரிடம் போங்கள். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தொற்றை மோசமாக்கலாம். பணம் இல்லையே என்று நாள் கடத்த வேண்டாம். 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை சென்னை எழும்பூரில் இருக்கிறது.

பார்வை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்று இரவு உங்கள் பிள்ளை படுக்கப் போகும்போது, "லென்ஸைக் கழற்றிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.