கண்ணுக்கு ஓய்வு போதுமா?

இடம்பெயரும்போது மக்கள் எவற்றையெல்லாம் விட்டு வருகிறார்கள் என்று நாம் பலமுறை பட்டியல் எடுத்திருக்கிறோம். உழவு இயந்திரம், கறவை மாடு, விதைநெல், காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கும். நாம் எழுத மறந்த ஒரு பொருள் மூக்குக்கண்ணாடி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களிலும், 2009இல் நந்திக்கடல் நீரேரியைக் கடந்து வந்தவர்களிலும் கண்ணாடியைத் தொலைத்த முதியவர்கள் பலர். உயிர் தப்பி வந்தவருக்குக் கண்ணாடியைப் பற்றிப் பேச வெட்கமாக இருக்கும். ஆயினும் அது இல்லாதவரால் அரிசியில் கல் பொறுக்க முடியாது, நிவாரண அட்டையை வாசிக்க முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது. எழுத்தறிந்தவரும் கைநாட்டு வைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்.

2009இல் வவுனியா செட்டிகுளத்து முகாம் ஒன்றில் இதைக் கண்ட நாம், கண்பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். கண்ணாடி வாங்கப் பணமில்லை, பயிற்சிக்கோ செலவில்லை. வந்தவர்களில் அறுபது வயது கடந்த கமக்காரர் ஒருவர் ஒரு நாளும் தவறவில்லை. நான்கு மாதம் சென்றபின் ஒரு காலை அவர் பத்திரிகையுடன் வந்து, "சுவாமி, எனக்கு இனிக் கண்ணாடி தேவையில்லை" என்று சிறிய எழுத்தையும் வாசித்துக் காட்டினார். நாம் மகிழ்ந்தோம். போன இடமெல்லாம் அவரைப் பற்றிச் சொன்னோம். அந்த மகிழ்ச்சி எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர் கற்றுக்கொண்டோம். நாம் கற்றது உங்களுக்கும் பயன்படட்டும் என்றே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1. இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது?

வில்லியம் பேட்ஸ் (1860–1931) என்பவர் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் கண் வைத்தியராக இருந்தவர். பார்வைக் குறைவுக்குக் காரணம் கண்ணின் இறுக்கமும் மனத்தின் இறுக்கமுமே என்றும், இறுக்கம் தளர்ந்தால் கண்ணாடி தேவைப்படாது என்றும் 1920இல் ஒரு நூல் எழுதினார். கண்களை உள்ளங்கையால் மூடியிருத்தல், உடலை மெல்ல அசைத்தபடி பார்த்தல், கண்ணில் வெயில் படவிடுதல் ஆகியவை அவர் சொன்ன பயிற்சிகள். இளவயதில் நோயால் பார்வை குன்றிய ஆங்கில எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லி, இம்முறையால் தாம் பயன்பெற்றதாக 1942இல் ஒரு நூல் வெளியிட்டார். புதுச்சேரி அரவிந்தர் ஆச்சிரமத்தில் டொக்டர் ஆர். எஸ். அகர்வால் இம்முறையைத் தழுவிக் கண்பயிற்சிப் பாடசாலை ஒன்றை நிறுவினார். தமிழ் மக்களிடையே இப்பயிற்சிகள் அறிமுகமாக அதுவும் ஒரு வழியாயிற்று.

2. கண் எப்படிப் பார்க்கிறது?

கண்மணிக்குப் பின்னால் ஒரு வில்லை இருக்கிறது. அதை இளம் நுங்குக்கு ஒப்பிடலாம். தெளிந்தது, மென்மையானது, அழுத்தினால் வடிவம் மாறக்கூடியது. கிட்டே உள்ளதைப் பார்க்கும்போது, வில்லையைச் சுற்றியுள்ள சிறு தசை சுருங்குகிறது, வில்லை தடிக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது அத்தசை தளர்கிறது, வில்லை தட்டையாகிறது. ஆகவே தூரத்தைப் பார்ப்பதே கண்ணின் உள்தசைக்கு ஓய்வு.

பேட்ஸ் இதை மறுத்தார். கண்ணின் வெளித்தசைகளே விழியை நீட்டியும் குறுக்கியும் பார்வையைச் சரிசெய்கின்றன என்றார். விழியை உருட்டுவது மட்டுமே அத்தசைகளின் வேலை என்பதும், வடிவம் மாறுவது வில்லையே என்பதும் இன்று ஐயமின்றி அறியப்பட்டுள்ளன. அடித்தளம் பிழையானால் அதன்மேல் கட்டிய எல்லாவற்றையும் ஏற்க முடியாது. ஆயினும் எல்லாவற்றையும் தள்ளிவிடவும் தேவையில்லை.

3. ஓய்வு எதைச் செய்யும்?

தையல், பாய் இழைத்தல், பீடி சுற்றுதல், படிப்பு போன்ற கிட்டப்பார்வை வேலைகளைத் தொடர்ந்து செய்தால் கண் எரியும், நெற்றி வலிக்கும், எழுத்து கலங்கும். மண்ணெண்ணெய்த் தடை இருந்த 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மங்கிய ஒளி கண்ணை நிரந்தரமாகக் கெடுப்பதில்லை, ஆனால் விரைவில் களைக்கச் செய்யும். இந்தக் களைப்புக்குப் பின்வரும் பயிற்சிகள் நல்லவை.

அ) தூரம் பார்த்தல்: கிட்டப்பார்வை வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒரு மரத்தை 20 விநாடி பாருங்கள்.

ஆ) இமைத்தல்: நாம் சாதாரணமாக ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் இமைக்கிறோம். ஒன்றைக் கூர்ந்து பார்க்கும்போது அது வெகுவாகக் குறைந்து கண் காய்கிறது. வேலைக்கு இடையே பத்துத் தடவை மெதுவாக, முழுமையாக இமையுங்கள்.

இ) உள்ளங்கையால் மூடுதல்: முழங்கைகளை மேசையிலோ முழங்காலிலோ ஊன்றுங்கள். உள்ளங்கைகளைக் கிண்ணம்போல் குவித்து, விழியை அழுத்தாமல் கண்களை மூடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆறுதலாக மூச்சுவிடுங்கள். முதலில் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். மிளகாய் பிடுங்கிய கையாலும் மருந்து அடித்த கையாலும் கண்ணைத் தொடவே கூடாது.

பேட்ஸ் சொன்ன ஒன்றை மட்டும் முற்றாக விலக்குங்கள். சூரியனை நேரே பார்க்கவும் அவர் பழகச் சொன்னார். சூரியனைப் பார்த்தால் கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரை கருகும். அப்போது வலியும் தெரியாது. பழுது நிரந்தரமாகவும் தங்கிவிடலாம்.

4. ஓய்வு எதைச் செய்யாது?

குறும்பார்வை உள்ளவருக்குத் தூரம் மங்கும். பெரும்பாலும் விழி நீண்டு வளர்ந்திருப்பதே காரணம். தசையைத் தளர்த்தினால் நீண்ட விழி குறுகாது. நாற்பது வயதுக்குப் பின் வரும் வெள்ளெழுத்துக்குக் காரணம் வில்லை இறுகுவது. நுங்கு முற்றினால் சீக்காய். அதை எவ்வளவு பிசைந்தாலும் மீண்டும் நுங்காகாது. இவ்விரண்டுக்கும் கண்ணாடியே எளிய வழி. கண்ணாடி அணிந்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்ற பயம் தேவையில்லை.

அப்படியானால், பயிற்சி செய்தவர்கள் நன்றாகத் தெரிகிறது என்கிறார்களே? அவர்கள் பொய் சொல்வதில்லை. மங்கலான எழுத்தை ஊகித்தறிய மூளை பழகிக்கொள்கிறது. வாசித்த அட்டை மனப்பாடமாகிவிடுகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் சற்றுத் தெளியும். கண்ணின் அளவு மாறாமலே பார்வை கூடியதுபோல் தோன்றும்.

நமது கமக்காரருக்கு நடந்தது இன்னொன்று. முகாமிலிருந்து மீள்குடியேறி ஒரு போகம் கழிந்திருந்தது. ஒரு மாலை வயலிலிருந்து திரும்பும்போது வரப்பின் விளிம்பு தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தப் போகம் அவருக்கு விதைப்பு இல்லை. கை பார்க்கப் போன இடத்தில் கண்ணையும் பார்த்தார்கள். இரு கண்ணிலும் கண்புரை. கண்புரை தொடங்கும்போது வில்லையின் நடுப்பகுதி அடர்த்தியாகி ஒளியைக் கூடுதலாக வளைக்கும். அதனால் சிலருக்குச் சிறிது காலம் கண்ணாடியின்றியே கிட்ட வாசிக்க முடியும், தூரம் மட்டும் மங்கிக்கொண்டு போகும். அவர் பத்திரிகை வாசித்துக் காட்டிய அன்று நாம் கண்டது பயிற்சியின் பலனல்ல, நோயின் முதல் அறிகுறி. அதை நோய் என்று அறியாமல் நாம் கை தட்டினோம்.

5. வீட்டில் செய்யக்கூடிய பரிசோதனை

முதலில் ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். ஒரு கண் கெட்டாலும் மற்றக் கண் அதை மறைத்துவிடும். சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, நல்ல கண்ணுள்ள ஒருவர் வாசிக்கக்கூடிய தூரத்தில் நில்லுங்கள். ஒரு கண்ணைக் கையால் அழுத்தாமல் மூடி, மற்றக் கண்ணால் வாசியுங்கள். பின் கண்ணை மாற்றுங்கள்.

ஒரு கண்ணுக்கு மங்கலாக இருந்தால், தடித்த மட்டையொன்றில் தடித்த ஊசியால் ஒரு சிறு துளை இடுங்கள். அத்துளையைக் கண்ணுக்கு அருகே பிடித்து அதனூடே பாருங்கள். எழுத்து தெளிந்தால், பெரும்பாலும் கண்ணாடியால் சரிவரக்கூடிய குறை. தெளியாவிட்டால் வேறு நோய் இருக்கலாம், வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு நிலையிலும் கண் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எவ்வளவு விரைவாக என்பதையே இப்பரிசோதனை சொல்கிறது.

கிட்டப்பார்வைக் கண்ணாடியை வயோதிபரின் ஆடம்பரம் என்று எண்ணாதீர்கள். இந்தியாவின் அசாம் மாநிலத்தில் நாற்பது வயதும் அதற்கு மேலுமான தேயிலைத் தொழிலாளர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்களுடையதைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது என்று 2018இல் வெளியான முடிவு கூறுகிறது. நாற்று நடுபவருக்கும் விதை தெரிபவருக்கும் இது பொருந்தாதா?

6. தாமதிக்கக் கூடாதவை

• கண்ணில் முள், நெல்லுமி, வைக்கோல் குத்தியபின் வலியும் சிவப்பும் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தாய்ப்பால், இலைச்சாறு, கடையில் வாங்கிய துளிமருந்து எதையும் விடாதீர்கள். வயலில் பட்ட காயத்தில் பூஞ்சணம் பிடித்தால் சில நாட்களிலேயே பார்வை போகக்கூடும்.

• பூச்சிமருந்து தெறித்தால் உடனே சுத்தமான நீரை ஊற்றி, குறைந்தது 15 நிமிடம் கழுவிய பின் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

• விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கடும் கண்வலி, வாந்தி ஆகியவை கண்ணின் உள்ளழுத்தம் திடீரெனக் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். குளுக்கோமா என்னும் இந்த நோய் பலருக்கு வலியே இல்லாமல் ஓரப்பார்வையைச் சிறிது சிறிதாகத் தின்னும். இழந்த பகுதியை மீட்க முடியாது, எஞ்சியதைக் காக்கலாம்.

• நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும்.

• பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, கண் மாறுகண்ணாக இருந்தாலோ, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திராதீர்கள். பிந்தினால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போகும்.

7. பிள்ளைகளின் கண்

இயற்கையாகக் கண்ணைக் காக்க உண்மையான வழிகள் இரண்டு உண்டு. முதலாவது உணவு. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், முற்றினால் கண்ணே அழியும். முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி, பப்பாசி, மாம்பழம், பூசணி, பனம்பழம், முட்டை, முழுதாக உண்ணும் சிறுமீன் ஆகியவை நம் கைக்கெட்டியவை. கீரையைச் சிறிது எண்ணெயோ தேங்காய்ப் பாலோ சேர்த்துச் சமைத்தால் சத்து உடலில் நன்றாகச் சேரும். சொந்தக் காணி இல்லாதவரும் வேலியோரம் ஒரு முருங்கைத் தடி நடலாம்.

இரண்டாவது வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்க வைத்தார்கள். மூன்றாண்டில் அவர்களில் 30 சதவீதமானோருக்கே குறும்பார்வை வந்தது. மற்றப் பாடசாலைகளில் ஏறக்குறைய 40 சதவீதமானோருக்கு வந்தது. 2015இல் வெளியான இந்த முடிவு சொல்வது இதுதான்: சூரியனைப் பார்க்க வேண்டாம், சூரிய வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். ரியூஷன் முடிந்து வரும் பிள்ளையை உடனே மீண்டும் புத்தகத்தின் முன்னோ கைத்தொலைபேசியின் முன்னோ இருத்தாதீர்கள்.

முடிவாக

நமது கமக்காரருக்கு அடுத்த ஆண்டு சத்திரசிகிச்சை செய்து, மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று நாம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் சொன்ன ஓய்வு நல்லதுதான் சுவாமி. ஆனால் வைத்தியரிடம் போ என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றார். இப்போது நமது வகுப்புகளில் உள்ளங்கைப் பயிற்சிக்கு முன், ஊசித்துளை மட்டையைக் கொடுக்கிறோம். களைத்த கண்ணுக்கு ஓய்வு. குறையுள்ள கண்ணுக்குக் கண்ணாடி. நோயுள்ள கண்ணுக்கு வைத்தியர். எது எதற்கு என்று அறிவதே இப்பாடத்தின் சாரம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடும்பத்தில் நாற்பது வயது கடந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இதுவரை கண்ணைக் காட்டாதவர் யார்?

2. இடப்பெயர்வில் கண்ணாடியை இழந்து, இன்னும் கேட்க வெட்கப்படும் முதியவர் உங்கள் அயலில் உண்டா?

3. கண் சிகிச்சை நாளன்று முதியவர்களை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் என்ன ஒழுங்கு செய்யலாம்?