மார்பகப் புற்றுநோயும் ஓமோன் வாங்கிகளும்

மார்பகப் புற்றுநோய் எல்லோரிடத்தும் ஒரே விதமாக வளர்வதில்லை. அது எதனால் வளர்கிறது என்று அறிந்தால்தான் எந்த மருந்து பயன்தரும் என்று சொல்ல முடியும். உயிரியல் மாணவி என்ற வகையில், நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சூலகத்தில் சுரக்கும் ஈஸ்திரஜன் குருதியுடன் உடலெங்கும் செல்கிறது. ஆயினும் அதற்குரிய வாங்கியுள்ள கலங்களே அதன் கட்டளையை ஏற்கும். வாங்கி என்பது ஒரு புரதம். ஈஸ்திரஜனின் வாங்கி பெரும்பாலும் கலத்தின் கருவினுள் இருக்கிறது. கொழுப்பில் கரையும் ஈஸ்திரஜன் கலமென்சவ்வைக் கடந்து சென்று அதனுடன் பிணைகிறது. அந்தச் சோடி டீ.என்.ஏ.யில் பொருந்தி, கலப்பிரிவைத் தூண்டுகிறது. சாதாரண கலத்தில் இது அளவோடு நடக்கும். கட்டுப்பாடு குலைந்த புற்றுக் கலத்திலோ அதே கட்டளை கட்டிக்கு உரமாகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஏழளவு இத்தகையவை.

1896 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோர்ஜ் பீட்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சூலகங்களை அகற்றியபின் மார்பகப் புற்று சுருங்கியதை எழுதினார். காரணம் அன்று தெரியவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகளின் பின் சிக்காகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்திரஜன் வாங்கியைக் கண்டறிந்தபோதே விடை கிடைத்தது.

இன்று கட்டியிலிருந்து எடுத்த இழையத்தில் வாங்கி உண்டா என்று சோதிக்கிறார்கள். உண்டெனில் தமொக்சிபென் குளிசை உதவும். அது வாங்கியில் ஈஸ்திரஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கட்டளையைத் தடுக்கிறது. மாதவிடாய் நின்றோருக்கு ஈஸ்திரஜன் உற்பத்தியையே குறைக்கும் குளிசைகளும் உண்டு. வாங்கி இல்லாத கட்டிக்கு இவை பயன்படா.

எங்கள் சாச்சி மூன்று வருடமாக இக்குளிசை எடுக்கிறார். "கட்டியத்தான் வெட்டி எடுத்தாச்சே, இன்னும் ஏன் இது?" என்று ஒருநாள் கேட்டார். கண்ணுக்குத் தெரியாத கலங்கள் எங்காவது எஞ்சியிருந்தால், அவை ஈஸ்திரஜனின் கட்டளைக்குக் காத்திருக்கும் என்று விளக்கினேன். அதனால்தான் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் வரை இது கொடுக்கப்படுகிறது. உடல் திடீரெனச் சூடேறும் தொல்லையால் இடைநடுவில் விட்டுவிடுவோர் உண்டு. தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால் அதற்கும் வழி காட்டுவார்.

சகோதரிகளே, வெட்கத்தால் மறைத்த கட்டிக்கு இந்தச் சோதனைதானும் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால், அவரது அறிக்கையில் வாங்கி பற்றிய வரியைத் தேடி வாசியுங்கள். விளங்காவிடின் வைத்தியரிடம் கேளுங்கள். அவர் ஏன் அந்தக் குளிசையை விழுங்குகிறார் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல உங்களால் முடியும்.