தொங்கும் சங்கிலியும் இரண்டு விடைகளும்

இரு தூண்களுக்கிடையே தொங்கும் சங்கிலி எவ்வடிவம் கொள்ளும்? கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் அதனைப் பரவளைவோடு ஒப்பிட்டார். அதன் உண்மை வடிவை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி என்னும் மூவரும் கண்டு வெளியிட்டனர். இந்நாளில் அவ்வடிவத்தை அதிபரவளைவுக் கோசைன் என்னும் சார்பினால் குறிக்கின்றனர்.

2.718 எனத் தொடங்கும் இயல்மடக்கை அடியெண்ணின் ய-ஆம் படியை ம என்க. ம, 1/ம இரண்டன் கூட்டலிற் பாதி, ய-இன் அதிபரவளைவுக் கோசைன். ம-இலிருந்து 1/ம-ஐக் கழித்ததிற் பாதி, அதிபரவளைவுச் சைன்.

ய-இன் அதிபரவளைவுக் கோசைன் 5/4 ஆயின், ய யாது? இதற்கு நேர்மாறு சார்பின் விதி உண்டு: 5/4-இன் வர்க்கத்தில் 1 குறைக்க, 9/16, அதன் வர்க்கமூலம் 3/4, அதனை 5/4-உடன் கூட்ட, 2. ஆகவே ய என்பது 2-இன் இயல்மடக்கை, அதாவது ஏறத்தாழ 0.693.

முதன்முறை யாம் இவ்வளவில் நிறுத்தி, பாதி மதிப்பெண்ணை இழந்தோம். விதியை விடுத்து அடியிலிருந்து செய்து பார்ப்போம்.

ம + 1/ம = 5/2
2ம² − 5ம + 2 = 0
(2ம − 1)(ம − 2) = 0

ம என்பது 2 அல்லது 1/2. எனவே ய என்பது 0.693 அல்லது −0.693. சங்கிலியை நோக்குமின்! அடிப்புள்ளிக்கு மேல் ஒரே உயரத்தில் இடத்தே ஒரு புள்ளியும் வலத்தே ஒரு புள்ளியும் உள. நேர்மாறு சார்போ, மரபுபற்றி, குறையெண் அல்லாத விடையொன்றையே தரும். மற்றதை விட்டவர் பாதிச் சங்கிலியை அறுத்தவராவர்.

இனி, ய-இன் அதிபரவளைவுச் சைன் 3/4 என்க.

ம − 1/ம = 3/2
2ம² − 3ம − 2 = 0
(2ம + 1)(ம − 2) = 0

இங்கும் ம-க்கு இரு மதிப்புகள்: 2, −1/2. ஆயினும் அடியெண்ணின் படி ஒருபோதும் குறையெண் ஆகாது. ஆதலின் −1/2 தள்ளத்தக்கது. 0.693 ஒன்றே விடை. சைனின் வளைவு இடையறாது ஏறிச் செல்வதால் ஓர் உயரத்தை ஒருமுறையே தொடும்.

தமிழ் பயிலும் நாம் பலபொருள் ஒருசொல்லை இடம் நோக்கியே பொருள் கொள்கிறோம். கோசைன் அத்தகையது, சைன் ஒருபொருட் சொல். விதியை மனனஞ் செய்தல் நன்று; வளைவை ஒருமுறை வரைந்து பார்த்தபின் விடையெழுதுதல் அதனினும் நன்று.