தமிழ்ப்பள்ளியா, தேசியப்பள்ளியா?

கேள்வி: மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தால் இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் திணறுவாள் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், ஈப்போ

பதில்: தயங்காமல் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிடுங்கள், சகோதரி. பினாங்கில் 1816இல் ஒரு வகுப்பாகத் தொடங்கிய மலேசியத் தமிழ்க்கல்வி, இன்று 500க்கும் மேற்பட்ட பள்ளிகளாக வளர்ந்திருக்கிறது. அங்கே மலாயும் ஆங்கிலமும் முதலாம் ஆண்டிலிருந்தே கட்டாயப் பாடங்கள். கழித்தலில் கடன் வாங்குவதை வீட்டுமொழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, அதையே மலாயில் சொல்லப் புதிய சொற்கள் மட்டும் போதும்.

ஆனாலும் உங்கள் கவலை நியாயமானது. படிவம் 1இல் வரலாறு, புவியியல் எல்லாம் மலாயில்தான். நான்காம் ஆண்டிலிருந்தே தினமும் மலாய்க் கதைப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். மலாயில் தேர்ச்சி போதாவிட்டால் ஓராண்டுப் புகுமுக வகுப்பு உண்டு. அதில் அவமானம் ஏதுமில்லை.

இடைநிலைப்பள்ளியில் தமிழை விட்டுவிடாதீர்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிசெய்கிறது. மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு உரிமையோடு கேளுங்கள்.