ஆடுபுலியும் அலைபேசியும்

சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டி தொழில் நகரில் 2015ஆம் ஆண்டில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் சியோமி அலைபேசிகளைப் பொருத்தித் தரும் பணியைத் தொடங்கியது. அப்பொழுது அவ்விடம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரல் மாதத்தில் புதிய திருப்பதி மாவட்டம் உருவானபின் அதன் எல்லைக்குள் வந்தது. இந்தியச் சிறுவர்கள் வீடியோ விளையாட்டு ஆடிய அலைபேசிகளுள் பல இவ்வாறு திருப்பதிக்கு அருகிலேயே உருப்பெற்றவை. ஆனால் அவற்றில் ஆடப்பட்ட விளையாட்டுகள் இங்குத் தோன்றியவை அல்ல. பப்ஜி தென்கொரியாவிலிருந்து வந்தது. மைன்கிராஃப்ட் சுவீடனில் பிறந்தது. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் பின்லாந்து நாட்டு நிறுவனத்தின் படைப்பு. கருவியைச் செய்பவர் பெறும் கூலி சிறிது. ஆட்டத்தைச் சிந்தித்தவர் பெறும் வருவாய் பெரிது. இத்தொழிலின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் நோக்க வேண்டியது இவ்வேறுபாட்டையே.

ஆட்டத்தைச் சிந்திக்கும் கலை இம்மண்ணுக்குப் புதியதன்று. தென்னாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் தரைக்கற்களில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் கீறப்பட்டிருப்பதைக் காணலாம். தமிழர் ஆடுபுலி என்பதைத் தெலுங்கர் புலி மேக என்பர். பல்லாங்குழி அவர்களிடம் வாமன குண்டலு ஆகிறது. பரமபதம் வைகுண்டபாளி எனப் பெயர் பெறுகிறது. பெயர் மாறினும் ஆட்டம் பெரிதும் ஒன்றே.

ஆடுபுலி ஆட்டத்தின் அமைப்பு வியப்புக்குரியது. ஒருவரிடம் மூன்று புலிகள். மற்றவரிடம் பதினைந்து ஆடுகள். புலி ஓர் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் அமர்ந்தால் அந்த ஆடு வெட்டுப்படும். ஆடுகளோ எதையும் வெட்ட இயலாதவை; கூடி நின்று புலி நகர வழியின்றி அடைப்பதே அவற்றின் வெற்றி. இரு தரப்பினரின் வலிமையும் வேறு, வழியும் வேறு. எனினும் வெல்லும் வாய்ப்பு இருவருக்கும் உண்டு. சமமற்ற இரு தரப்பினரிடையே இத்தகைய சமநிலையை உண்டாக்குவதற்கு இன்றைய வீடியோ விளையாட்டு நிறுவனங்கள் மாதக்கணக்கில் சோதனை நடத்துகின்றன. ஊரார் கல்லில் கீறி, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் காயாக வைத்து அதனை என்றோ செய்து முடித்துவிட்டனர்.

அந்த அறிவுக்குரிய பயனைப் பிறரே மிகுதியும் பெற்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. பரமபதம் போன்ற இந்திய ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பாம்பும் ஏணியுமாக அச்சாகி விற்பனைக்கு வந்தது. பச்சீசி என்னும் ஆட்டம் அங்கு லூடோ ஆயிற்று. நெடுங்காலம் கழித்து, 2016இல் மும்பை நிறுவனம் ஒன்று அதே ஆட்டத்தை லூடோ கிங் என அலைபேசிக்குக் கொண்டுவந்தது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களில் வீடுதோறும் அது ஆடப்பட்டது.

மின்னணு விளையாட்டுத் தொழிலுக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பாங் என்னும் ஆட்டத்தில் இரு கோடுகளும் ஒரு புள்ளியுமே இருந்தன. பின்னர் வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் பெட்டிகளும் கணினி ஆட்டங்களும் வந்தன. இந்தியாவில் 2016இல் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தபின் அலைபேசியே முதன்மையான ஆடுகளமாயிற்று.

வருவாய் ஈட்டும் முறையும் அதற்கேற்ப மாறிவிட்டது. முன்பு விளையாட்டை ஒருமுறை விலைக்கு வாங்கினால் போதும். இன்று பல விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உள்ளே நுழைந்தபின் உடை, ஆயுதம், கூடுதல் வாய்ப்பு என ஒவ்வொன்றிற்கும் சிறு சிறு தொகை கேட்கப்படுகிறது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளும் உண்டு. இவற்றுள் சிலவற்றைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. இலவசம் என்னும் சொல்லை ஐயத்தோடு நோக்கும் பழக்கம் இங்குப் பெரிதும் உதவும். உலக நலவாழ்வு நிறுவனமும் கட்டுக்கடங்காத விளையாட்டு நாட்டத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விரும்பி ஆடும் அனைவரும் நோயாளிகள் என்பது இதன் பொருளன்று. படிப்பும் உறக்கமும் உறவும் நீண்ட காலம் சீர்குலைந்த பின்னும் நிறுத்த முடியாத நிலையையே அது குறிக்கிறது.

சட்டமும் இத்துறையின் போக்கை மாற்றி வருகிறது. ஆந்திரப் பிரதேச அரசு 2020இல் தன் 1974ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடை செய்தது. தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் நாடாளுமன்றம் நாடு முழுமைக்குமான சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கிறது. போட்டியாக ஆடப்படும் மின்விளையாட்டுகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் ஊக்குவிக்க வழி செய்கிறது. சூதும் விளையாட்டும் ஒன்றல்ல என்னும் பழைய தெளிவு சட்ட வடிவம் பெற்றது எனலாம்.

செயற்கை நுண்ணறிவு மற்றொரு பெரிய மாற்றம். படம் வரைதல், குரல் அமைத்தல், நிரல் எழுதுதல் ஆகிய பணிகளில் அது நுழைந்துவிட்டது. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்கள், தங்கள் குரலை இயந்திரம் நகலெடுப்பதற்கு வரம்பு வேண்டும் எனக் கோரி 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. பெருநிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரைப் பணிநீக்கம் செய்ததும் இக்காலத்தில்தான். எனவே இத்தொழில் வளர்கிறது என்பதும் உண்மை. அதில் வேலை நிலையற்றது என்பதும் உண்மை.

பெருநிறுவனங்கள் தடுமாறிய அதே காலத்தில் ஒரு சிறு குழுவின் படைப்பு உலகின் கவனத்தை ஈர்த்தது. கனடாவின் டொரொண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் நிறுவனம் 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. இதில் துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண் சமைக்கிறாள். ஆடுபவர் அவளுக்கு உதவுகிறார். தாயின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருப்பதால், விடுபட்ட செய்முறையை ஊகித்து அறிய வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் செல்லும் என்பதே முதற்புதிர். இட்லி அவிக்கும் எந்த வீட்டிலும் விடை கிடைக்கும்.

சமையலுக்கு இடையே ஒரு குடும்பத்தின் கதை நகர்கிறது. கணவர் பாவலனும் வெண்பாவும் அயல்நாட்டில் வேலைக்காக அலைகின்றனர். மகன் கவின் வளர வளரத் தமிழிலிருந்து விலகுகிறான். தாய் தமிழில் வினவ, அவன் ஆங்கிலத்தில் விடை தருகிறான். பெரியவனான பின் அதே குறிப்பேட்டைத் திறந்து சமைக்க முற்படும்போது, தமிழ் எழுத்துகளைப் படிக்கத் தடுமாறுகிறான். இரண்டு மணி நேரத்திற்குள் ஆடி முடிக்கக்கூடிய இவ்விளையாட்டு 2024இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. அதே ஆண்டு, தனிக் குழுக்களின் விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசும் அதற்கே கிட்டியது.

கவினின் நிலை சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் அறியாததன்று. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என அவர்கள் நாள்தோறும் மொழி மாறுகின்றனர். அலைபேசி விளையாட்டு மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகிறது.

பிறமொழி விளையாட்டைத் தமிழுக்குக் கொண்டுவருவது எளிய பணியன்று. ஆங்கிலத்தில் ஆடுபவர் பெயர்களை வெற்றிடங்களில் நிரப்பினால் தொடர் முடிந்துவிடும். தமிழில் பெயரே உருமாறுகிறது. கண்ணன் என்பது கண்ணனை ஆகும். சீதா என்பது சீதாவை ஆகும். இதனை அறியாத நிரல் ‘சீதாஐ வென்றான்’ என்று திரையில் காட்டிவிடும். வென்றவர் பெண்ணாயின் வென்றாள் என வர வேண்டும். மதிப்புக்குரியவராயின் வென்றார் என வர வேண்டும். தெலுங்கிலும் வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னே ஒட்டி வருவதால், இரு மொழியும் அறிந்தவருக்கு இச்சிக்கல் உடனே விளங்கும். நிரல் எழுதுபவர் அருகில் இலக்கணம் அறிந்த ஒருவரும் அமர்ந்தால்தான் திரையில் சீதாவை என்னும் சொல் பிழையின்றித் தோன்றும்.

பயிற்சி

1. பின்வருவனவற்றைச் சேர்த்து எழுதுக: முருகன் + ஐ, மாலா + ஐ, கிளி + ஐ, பசு + ஐ. இவற்றுள் உடம்படுமெய் பெற்று வந்தவை எவை?

2. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் வெல்வது எவ்வாறு?

3. வீட்டிலுள்ள பெரியோரிடம் ஒரு பழைய ஆட்டத்தின் விதிகளைக் கேட்டறிந்து, அதனை ஆடத் தெரியாத தெலுங்கு நண்பருக்கு விளக்குவது போலப் பத்து வரிகளில் எழுதுக.